ஃப்ரோபெர்கரை எந்தக் கருவியில் வாசிப்பது?

1667 மே மாதம், பிரான்சின் கிழக்கோரத்தில் இருக்கும் ஹெரிகூரில், மாலை ஜெபத்தின்போது ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் யாகோப் ஃப்ரோபெர்கர் பக்கவாதம் தாக்கி இறந்தார். அவருக்கு அடைக்கலம் கொடுத்திருந்தவர் சிபில்லா என்ற விதவைச் சீமாட்டி. ஃப்ரோபெர்கரிடமே இசை கற்றவரும்கூட. நெதர்லாந்தின் கான்ஸ்டன்டைன் ஹாய்கன்ஸ் (விஞ்ஞானி ஹாய்கன்ஸின் அப்பா) அந்த இசையைப் பற்றி சிபில்லாவுக்குக் கடிதம் எழுதினார். சிபில்லாவுக்கு ஃப்ரோபெர்கரின் இசை ஏடுகளை வெளியே விட மனமில்லை. ஃப்ரோபெர்கரிடமே நேரில் கற்காதவர்கள் இதைச் சரியான நிதானத்தோடு வாசிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த அம்மாள் நினைத்தபடி நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஏடுகள் வேறு வழிகளில் பரவிவிட்டன. இப்போது பியானோவில் பாக் வரை வந்துவிட்டு, அதற்கு முன்னால் யார் என்று தேடி ஃப்ரோபெர்கரிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும் பியானோ போதுமா? ஹார்ப்சிகார்டில்தான் வாசிக்க வேண்டுமா? அரசவை ஆர்கன் கலைஞர் என்றால் ஆர்கன்தானே முறை? கிளாவிகார்ட் என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன? வாசிக்காமல் கேட்க மட்டும் விரும்புகிறவர்களுக்கும் எந்தப் பதிவை முதலில் எடுப்பது என்று இதே குழப்பம்தான்.

## ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்

1616இல் ஷ்டுட்கார்ட்டில் பிறந்தவர். அப்பா பாசிலியஸ் அங்கே அரசவை இசைக்குழுவின் தலைவர். பிறந்த இரண்டாம் வருடம் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. 1634இல் நொர்ட்லிங்கன் போரில் புராட்டஸ்டன்ட் தரப்பு தோற்றதும் அந்த இசைக்குழுவே கலைந்தது. 1637இல் பெற்றோர் கொள்ளைநோயில் போனார்கள். அதே வருடம் வியன்னாவில் பேரரசரின் ஆர்கன் கலைஞராக வேலை கிடைத்தது. சில மாதங்களிலேயே அரண்மனைப் பணத்தில் ரோமுக்குப் போய் ஆர்கன் மேதை ஃப்ரெஸ்கோபால்டியிடம் பயின்று, 1641இல் திரும்பினார். பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் தானே இசையமைத்தவர். அதனால் வேலைக்காரனாக மட்டும் நடத்தப்படவில்லை என்று ஊகிக்கலாம்.

அப்புறம் ஓயாத பயணம். டிரெஸ்டனில் வெக்மன் என்ற கலைஞரோடு போட்டி போட்டார், போட்டி நட்பில் முடிந்தது. பிரசல்ஸ், பாரிஸ், லண்டன் என்று சுற்றினார். 1657இல் பேரரசர் இறந்தார். அடுத்து வந்த லியோபோல்டின் அவையில் இடம் இல்லாமல் போயிற்று. கடைசிக் காலம் ஹெரிகூரில்.

ஃபெர்டினாண்டுக்குக் காணிக்கையாகத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த இரண்டு ஏடுகள், 1649இலும் 1656இலும் எழுதியவை, இன்றும் வியன்னா தேசிய நூலகத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் 24 உருப்படிகள். நம் கேள்விக்குப் பாதி விடை அந்த ஏடுகளின் தாளிலேயே இருக்கிறது.

டொக்காட்டாக்களை (கட்டற்ற கற்பனைப் போக்கில் அமைந்த உருப்படிகள்) மேலே ஆறு கோடு, கீழே ஏழு கோடு என்று இத்தாலிய முறையில் எழுதியிருக்கிறார். ஃபாண்டசியா, ரிச்செர்கார், கன்சோனா, கப்ரிச்சியோ ஆகிய பின்னல் உருப்படிகளில் (பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் போகிறவை) நான்கு குரலுக்கும் தனித்தனி வரி. பாடகர் குழுவுக்கு எழுதுவதுபோல. சூட் எனப்படும் நடனத் தொகுப்புகளை பிரெஞ்சுக்காரர்கள்போல ஐந்து கோடு இரண்டு வரியில் எழுதியிருக்கிறார். ஒரே ஏட்டில் மூன்று எழுத்துமுறை, மூன்று மரபு. ஆகவே “ஃப்ரோபெர்கருக்கு எந்தக் கருவி” என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். எந்தப் பக்கத்துக்கு எந்தக் கருவி என்று கேட்பதுதான் முறை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், கட்டையை அழுத்திய பிறகு ஒலி நிற்கிறதா, தேய்கிறதா. நான்கு குரல் பின்னலுக்கு நிற்கும் ஒலி வேண்டும். ஒப்பாரிக்குத் தேயும் ஒலி வேண்டும்.

இரண்டாவது, தாளத்தை விட்டு நடக்கக் கருவி இடம் தருகிறதா. தன் ஒப்பாரி உருப்படிகளில் “நிதானம் பார்த்து, தாளக் கணக்கு பாராமல், மிக மெதுவாக” என்ற பொருளில் எழுதிவைத்தவர் இவர். பல்லவியைவிட ஆலாபனைக்குப் பக்கமாக வைத்துக் கேட்டால் சட்டென்று பிடிபடும்.

மூன்றாவது, சுருதி சேர்க்கும் முறை. அந்தக் காலத்து மீன்டோன் முறையில் சில சேர்க்கைகள் இன்றைய பியானோவைவிட இனிமையாக இருக்கும், சில கடித்துத் துப்பும்.

நான்காவது, கை எட்டுமா என்பது. இதைப் பியானோப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். அனுபவித்த வலி அது.

கடைசியாகப் பணம், இடம், பக்கத்து வீட்டுக்காரர்.

சோதனைக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். பேரரசரின் மூத்த மகன் நான்காம் ஃபெர்டினாண்ட் 1654இல் பெரியம்மையில் இறந்தபோது எழுதிய ‘லமெண்டோ’, அதாவது புலம்பல். அதன் கடைசியில் கையில் எதுவும் மிச்சமில்லாததுபோல் சி மேஜர் ஸ்கேல் ஒன்று தனியாக, ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏறிப் போகிறது. ஏட்டில் அது போய்ச் சேரும் இடத்தில் மேகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. உயிர் போகும் வழி அது. அந்த ஒரு வரி ஒவ்வொரு கருவியிலும் என்னவாகிறது என்று பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

## ஹார்ப்சிகார்ட்

கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன முள் கம்பியை மீட்டும். அந்தக் காலத்தில் பறவை இறகின் காம்பு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவு சத்தம். பியானோக்காரர்களுக்கு இது முதலில் ஊனமாகத் தெரியும்.

ஆனால் சூட்களை எழுதியவர் இந்த ஊனத்தை வைத்துத்தான் எழுதினார். பாரிஸில் லூட் (விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) வாத்தியக்காரர்களோடு பழகியவர். லூட்டில் ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ஸ்வரங்களை ஒன்றாக அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பார்கள். அதையே கட்டையில் செய்கிறார். எடுத்த விரலை விடாமல் அழுத்திக்கொண்டே அடுத்ததைத் தொட்டால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடும். விரலை எடுத்தால் மெலியும். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அடியின் பலத்தால் அல்ல, எத்தனை கம்பி ஒரே நேரத்தில் அதிர்கிறது என்பதால். ப்ளாங்க்ரோஷே என்ற லூட் கலைஞர் 1652இல் பாரிஸில் படிக்கட்டில் விழுந்து இறந்ததற்கு எழுதிய ‘தொம்போ’வை இப்படி வாசித்தால்தான் அது நண்பரின் வாத்தியத்திலேயே நண்பருக்கு எழுதிய ஒப்பாரி என்பது காதில் விழும். கடைசியில் இங்கேயும் ஒரு ஸ்கேல் உண்டு. இளவரசருக்கு மேலே போனது. இந்தப் பாவப்பட்ட மனிதருக்குக் கீழே இறங்குகிறது. படிக்கட்டு என்று சிலர், குழி என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் இருக்கட்டுமே.

சோதனை வரி? ஹார்ப்சிகார்டில் மேலே போகப் போகக் கம்பி குட்டை, ஒலி சீக்கிரம் அடங்கும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், ஸ்கேல் தானாகவே மெலிந்து காற்றில் கரையும்.

மறைந்திருக்கும் செலவைச் சொல்லியாக வேண்டும். கையால் செய்த நல்ல ஹார்ப்சிகார்ட் ஒரு கார் விலை. வாங்கியதோடு முடியாது: காற்றின் ஈரம் மாறினால் சுருதி ஓடிவிடும், வாரம் ஒருமுறையாவது நீங்களே சேர்க்கக் கற்றாக வேண்டும். முள் உடையும், மாற்ற வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் பலகையின் கதியையும் யோசிக்கட்டும்.

கேட்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. குஸ்டாவ் லியோன்ஹார்ட்டின் பதிவில் தொடங்குங்கள். கறாராக இருக்கும், ஆனால் எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனித்தால் அந்த ‘நிதானம்’ புரியும்.

## கிளாவிகார்ட்

மேசை மேல் வைக்கும் பெட்டி. கட்டையின் மறுமுனையில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. அது கம்பியைத் தொட்டபடியே நிற்கும். விரல் கட்டையில் இருக்கும்வரை விரலுக்கும் கம்பிக்கும் தொடர்பு அறுவதில்லை. அழுத்தத்தை மாற்றினால் ஸ்வரமே அசையும். வீணைக்காரர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற எந்தக் கட்டை வாத்தியத்திலும் இந்தச் சுகம் இல்லை.

பலவீனம் சத்தம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கேட்கும். மின்விசிறி ஓடினால் அதுவும் இல்லை. ஜெர்மானிய ஆர்கன்காரர்கள் வீட்டில் பயிற்சிக்கு இதைத்தான் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் தேவாலயம் உறையும், துருத்தி மிதிக்க ஆளும் வேண்டும்.

இன்னொரு சங்கதி, வாங்கும்போது யாரும் சொல்லாதது. பழைய பாணிக் கிளாவிகார்டுகளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ஒரே கம்பியைப் பங்குபோட்டுக்கொள்ளும். சி-யும் சி ஷார்ப்பும் ஒரே கம்பியென்றால் இரண்டையும் ஒன்றாக ஒலிக்க முடியாது. ஒன்றை விட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். அரை ஸ்வரமாக ஊர்ந்து போகும் உருப்படிகளில் விரல் தடுக்கும்.

எனக்கு இதில் பிடித்தது ‘என் வரப்போகும் மரணத்தை நினைத்து’ என்று தலைப்பிட்ட மெடிட்டேஷன். 1660 மே முதல் தேதி, பாரிஸ் என்று நாளும் ஊரும் குறித்து எழுதியது. கச்சேரிக்கு அல்ல, தனக்குத்தானே வாசித்துக்கொள்ளும் இசை அது. சோதனை வரியும் இங்கே அழகாக வரும். விரலே கடைசி ஸ்வரங்களை இல்லாமல் ஆக்கும். தர்ஸ்டன் டார்ட் கிளாவிகார்டில் வாசித்த பழைய பதிவு ஒன்று இருக்கிறது. ஒலியளவைக் கூட்டாமல் கேளுங்கள். கூட்டினால் கருவியின் குணமே மாறிவிடும்.

## ஆர்கன்

சம்பளம் வாங்கியது இதற்குத்தான். ஆனாலும் முழுத் தொகுப்பையும் ஆர்கனில் வாசிக்க நினைப்பது அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கெட்டது செய்வது. சூட்கள் ஆர்கனில் கனத்துவிடும். உதிரும் கார்டுகள் எல்லாம் சமமான பலத்தோடு வரிசையில் வந்து நிற்கும். சோதனை வரியில் இது அப்பட்டமாகத் தெரியும். ஸ்கேல் கரையாது. கடைசி ஸ்வரம் நீங்கள் விரலை எடுக்கும்வரை நிற்கும், எடுத்ததும் கதவு சாத்தினமாதிரி நிற்கும்.

ஆர்கன் அரசாளும் இடம் வேறு. திருப்பலியில் குரு அப்பத்தை உயர்த்தும் அந்தச் சில நிமிடங்களுக்கென்றே எழுதிய டொக்காட்டாக்கள் உள்ளன. 1649 ஏட்டில் ஐந்தாவதும் ஆறாவதும் அப்படிப்பட்டவை, ஏட்டிலேயே குறிப்பு இருக்கிறது. மெதுவான, உராயும் கார்டுகள். ஒன்று தீர்வதற்குள் அடுத்த உராய்வு. இத்தாலிய ஆர்கன்களில் இந்த நேரத்துக்கு ‘வோச்சே உமானா’ என்ற குழல் வரிசையை எடுப்பார்கள். அடிப்படைக் குழல்களோடு சற்றே சுருதி விலக்கிய இன்னொரு வரிசை சேரும்போது ஒலி லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தில் ஒரு உராய்வு நான்கைந்து விநாடி நிற்பதை வேறு எந்தக் கருவியாலும் செய்ய முடியாது. ஹார்ப்சிகார்டில் அதற்குள் ஒலி செத்துவிடும், கார்டைத் திரும்பத் திரும்ப உதிர்த்துச் சமாளிக்க வேண்டும்.

நான்கு வரி எழுதிய பின்னல் உருப்படிகளும் இங்கே தெளிவு. ஆறு ஸ்வரங்களை (உத், ரே, மி, ஃபா, சோல், லா) மட்டும் கருவாக எடுத்துக் கட்டிய ஃபாண்டசியாவை ஆர்கனில் கேளுங்கள். கரு எந்தக் குரலில் நுழைகிறது என்று விரல்விட்டுச் சொல்லலாம். அவர் உயிரோடிருந்தபோது அச்சேறிய மிகச் சில உருப்படிகளில் ஒன்று அது, 1650இல் அறிஞர் கிர்ஹரின் பெரிய இசை நூலுக்குள்.

மறைமுகச் செலவு பணம் அல்ல, அனுமதி. தேவாலயத்தில் கேட்க வேண்டும், நேரம் ஒதுக்கித் தர வேண்டும், கிடைக்கிற ஆர்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரிய ஆங்கில வகையாக இருந்தால் ஒலி குழைந்துவிடும். ஒரு நல்ல செய்தி: கால்கட்டைக்கென்று தனிப் பகுதி இவர் எழுதவில்லை. கை மட்டும் பழகியவர்களும் உட்காரலாம்.

துருத்தி என்றதும் ஒரு கதை. இங்கிலாந்து போகும் வழியில் கொள்ளையடிக்கப்பட்டு, கந்தலோடு லண்டன் சேர்ந்த ஃப்ரோபெர்கர் ஆர்கனுக்குத் துருத்தி மிதிக்கும் வேலைக்குப் போனதாகவும், துக்கத்தில் கவனம் தப்பி உதை வாங்கியதாகவும் சொல்வார்கள். பிற்காலத்தில் மெருகேறிய கதை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ‘லண்டனில் மனச்சோர்வைப் போக்க எழுதிய புலம்பல்’ என்ற தலைப்போடு ஓர் உருப்படி உண்மையிலேயே இருக்கிறது.

## பியானோ, அல்லது வீட்டு டிஜிட்டல் பியானோ

பெரும்பாலோரிடம் இருப்பது இதுதான், என்னிடமும். வாசிக்கக் கூடாது என்று சொல்லும் தூய்மைவாதிகளை விட்டுத்தள்ளுங்கள். ஆனால் மூன்று இடத்தில் அடி விழும்.

ஒன்று, கை. முதல் சூட்டை எடுத்து உட்கார்ந்த அன்று, இடது கையில் கீழ் சி-யும் பத்தாவது கட்டையான ஈ-யும் சேர்ந்து வந்தது. எட்டவில்லை. இழுத்துப் பிடித்து ஒரு வாரம் வாசித்ததில் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலக் கருவிகளில் கீழ் எட்டுக் கட்டைகள் ‘குட்டை ஸ்தாயி’யாக இருக்கும். கடைசி வெள்ளைக் கட்டை பார்வைக்கு ஈ, ஆனால் அழுத்தினால் சி ஒலிக்கும். எஃப் ஷார்ப் இருக்க வேண்டிய கறுப்புக் கட்டையில் டி, ஜி ஷார்ப்பில் ஈ. அதிகம் பயன்படாத கறுப்பு ஸ்வரங்களை விட்டு இடத்தை மிச்சம்பிடித்தார்கள். நான் இழுத்துத் தவித்த அந்தப் பத்து, அவர் கைக்கு ஒரு சாதாரண எட்டு! அதனால் எட்டாத இடத்தில் கூச்சப்படாமல் கீழ் ஸ்வரத்தை முதலில் தொட்டு, மேலே உருட்டிப் போங்கள். இவர் பாணிக்கு அது பொருந்தவே செய்யும்.

இரண்டு, சுருதி. மூன்றாம் ஃபெர்டினாண்ட் இறந்தபோது எழுதிய புலம்பல் எஃப் மைனரில் இருக்கிறது. அதற்கு ஏ ஃபிளாட் வேண்டும். மீன்டோனில் அந்தக் கட்டை ஜி ஷார்ப்பாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 41 சென்ட் வித்தியாசம், கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி. அந்தக் கட்டையைத் தனியாக மாற்றிச் சேர்க்கலாம். சேர்க்காமல் விட்டால் அழுகைக்கே பல் முளைத்ததுபோல் கேட்கும். பியானோவின் சமப் பகுப்பில் இந்தக் கேள்வியே எழாது, எஃப் மைனர் எல்லா மைனரையும்போல ஒன்று. ஆனால் பல டிஜிட்டல் பியானோக்களில் சுருதி முறையை மாற்றும் வசதி, மீன்டோன் உட்பட, மெனுவுக்குள் எங்கோ புதைந்திருக்கும். தேடி எடுங்கள். ஹார்ப்சிகார்ட் ஒலியும் இருந்தால் அதையும் போடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய மாற்றம் இது.

மூன்று, பழக்கம். சோதனை வரியில் பியானோக்காரர் கை தானாக ஒலியைப் பெருக்கிக்கொண்டே மேலே போகும், வெற்றி முழக்கம்போல. சாவு வீட்டில் முழக்கமா? அடக்குங்கள். கால் பெடலையும் மறந்துவிடுங்கள். விரலால் பிடித்து வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஹார்ப்சிகார்ட் | கிளாவிகார்ட் | ஆர்கன் | பியானோ |
|---|---|---|---|---|
| சூட், ஒப்பாரிகள் | மிகப் பொருத்தம் | தனிமையில் அருமை | வேண்டாம் | கவனத்தோடு ஆகும் |
| ஃபாண்டசியா, ரிச்செர்கார் | நன்று | சுமார் | மிகப் பொருத்தம் | நன்று |
| திருப்பலி டொக்காட்டா | உதிர்த்துச் சமாளிக்கலாம் | ஒலி போதாது | இதற்கே எழுதியது | சுமார் |
| மீன்டோன் | நீங்களே சேர்க்கலாம் | நீங்களே சேர்க்கலாம் | கருவியைப் பொறுத்தது | டிஜிட்டலில் மட்டும் சுலபம் |
| மறைந்த செலவு | சுருதி, முள், ஈரம் | அமைதியான அறை | அனுமதி, நேரம் | மணிக்கட்டு, பழைய பழக்கம் |

## அப்போ யாருக்கு எது

கேட்க மட்டும் போகிறவர் ஹார்ப்சிகார்டில் லமெண்டோவும் தொம்போவும், பிறகு ஆர்கனில் ஐந்தாம் டொக்காட்டா, இந்த வரிசையில் போகலாம். பாப் வான் ஆஸ்பெரன், ரிச்சர்ட் எகார் இருவரும் இரண்டு கருவியிலும் பதிவு செய்திருப்பதால் ஒரே கைக்காரரிடம் வித்தியாசத்தைக் கேட்கலாம்.

பியானோ கற்றவர், புதிதாக எதுவும் வாங்கப்போவதில்லை என்றால் ஃபாண்டசியாவில் தொடங்குங்கள், சூட்டில் அல்ல. குரல்களைப் பிரித்துக் காட்டப் பியானோவால் முடியும், பத்துக் கட்டை தொல்லையும் குறைவு. ‘மாயரின்’ என்ற பாட்டின்மேல் கட்டிய வேறுபாட்டுத் தொகுப்பும் கைக்கு இதமாக இருக்கும்.

ஏதாவது வாங்கியே தீருவேன், அடுக்குமாடியில் இருக்கிறேன், இரவில்தான் நேரம் என்பவருக்கு என் கை கிளாவிகார்டைத்தான் காட்டும். விலையும் ஹார்ப்சிகார்டைவிடக் குறைவு.

ஸ்வர ஏட்டைப் பொறுத்தவரை, குயிடோ ஆட்லர் நூறு வருடத்துக்கும் முன்பே வியன்னாவில் பதிப்பித்தது இணையத்தில் இலவசம். அதற்குப் பின் கிடைத்த உருப்படிகள் அதில் இருக்காது. அவை வேண்டுமென்றால் பேரன்ரைட்டர் பதிப்புக்குக் காசு செலவழிக்க வேண்டும். பழைய ஆம்ஸ்டர்டாம் அச்சை நம்பி நடன வரிசையை முடிவு செய்ய வேண்டாம். அவர் இறந்து முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த அந்த அச்சு, ஜீக் நடனத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மேலட்டையில் “மேலான வரிசையில் அமைத்தது” என்று பெருமையாகவும் போட்டுக்கொண்டது. 1656 ஏட்டில் ஃப்ரோபெர்கர் தன் கையால் ஜீக்கை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறார். முடிவது மெதுவான சரபாண்டில்.